தொப்பி பார்த்த பக்கம்

அன்று காலை அந்த முன்னறையில் இருந்தவர்கள் நாலு பேர். பம்பு ஃபிட்டர். அவர் மனைவி. மனைவியின் தம்பி, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. அப்புறம் நான். எனக்கு அங்கே வேறு வேலை எதுவும் கிடையாது. கையெழுத்து சுமாராக இருக்கும் என்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். இது போக, மூலையில் ஸ்டவ்வின் மேல் ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் கியர் பம்பு ஒன்று வெந்துகொண்டிருந்தது.

வெந்துகொண்டிருந்தது என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அது மெழுகு ஃபேக்டரி பம்பு. ஓடுகிற வரைக்கும் உள்ளே இருக்கும் மெழுகு எண்ணெய் மாதிரி இருக்கும். நின்று ஆறினால் கல்லாகிவிடும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால்தான் போல்ட்டில் ஸ்பேனரே வைக்க முடியும்.

நாலு நாளாகத் தூறல். அறையின் குறுக்கே கயிறு கட்டித் துணிகளைப் போட்டிருந்தார்கள். ஈரத்துணி வாடையும் மெழுகு வாடையும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. ஒரு சுவர் ஓரமாகப் பெஞ்ச்சும், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸும். எதிர்ச்சுவரில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இரவில் பெஞ்ச்சுக்குக் கீழே காலை நீட்டித்தான் படுப்பார்கள் போல. அலமாரியில் பத்துப் பன்னிரண்டு பம்புகள், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் எழுதியிருந்தது: பெயின்ட், தார், பசை, சர்க்கரைப் பாகு, பாய்லர் எண்ணெய், லாரி டிப்பர். தண்ணிக்கு இந்தப் பம்பு தேவையில்லை. கரண்டியில் எடுத்தால் நூலாக வடிகிற எதற்கும் இதுதான் வேண்டும்.

"படிடா, கேக்கட்டும்," என்றான் கட்டுப் போட்டவன். அவனும் நானும் அந்த ஃபேக்டரியில் ரெண்டு வருஷம் ஒரே நைட் ஷிஃப்ட்டில் இருந்தோம். எனக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். அவன் பகல் ஷிஃப்ட்டுக்கு மாறி இருந்துகொண்டான்.

மெமோவை எடுத்தேன். அதைப் படிக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

மெழுகு டேங்கிலிருந்து பம்பு இழுத்து, குழாய் வழியாக டிரம்மில் நிரப்பும். ஒரு டிரம் நிரம்பியதும் குழாயில் இருக்கிற வால்வை மூடி, டிரம்மை உருட்டிவிட்டு, அடுத்ததை வைத்துத் திறக்க வேண்டும். பம்பை நிறுத்திவிட்டுத்தான் மூட வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. யாரும் நிறுத்த மாட்டார்கள். நானும் நிறுத்தியதில்லை. நிறுத்திப் போட்டால் ஒரு ஷிஃப்ட்டுக்குச் சொன்ன டிரம் கணக்கு வராது; அது ஃபோர்மேனுக்கும் தெரியும். போன வியாழக்கிழமை, சர்வீஸ் முடிந்து வந்த பம்பை ஃபிட்டர் காலையில் மாட்டிவிட்டுப் போனார். மத்தியானம் இவன் முதல் டிரம்மை மாற்ற வால்வை மூடினான். ரப்பர் ஹோஸ் வெடித்தது. கொதிக்கிற மெழுகு கையில் அடித்தது. அந்தப் பம்பைத்தான் ஃபிட்டர் மறுபடி கழற்றிக் கொண்டுவந்திருந்தார்; குண்டானில் இருந்தது அதுதான்.

"முகத்துல பட்டிருந்தா?" என்று அக்கா அன்று ஆஸ்பத்திரியில் அழுதாளாம்.

"பட்டுச் செத்திருந்தாலும் பரவால்ல, மெழுகுவத்திக்கு வெளிய அலைய வேண்டாம்," என்றானாம் இவன்.

மெமோவைப் படித்தேன். "பணியாளர், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே டெலிவரி வால்வை மூடியுள்ளார். வால்வை மூடிவிட்டு ஓட்டினால் எந்தப் பம்பும் தாங்காது. இது கடுமையான கவனக்குறைவு. ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு இன்று மாலை நாலு மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்."

"எழுதிக்கங்க தம்பி," என்றார் ஃபிட்டர். பெஞ்ச்சில் உட்கார்ந்து, பம்பு மூடிக்கு அடியில் வைக்கிற காகித கேஸ்கெட் ஒன்றைக் கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "தவறுதலாக நடந்துவிட்டது. இனிமேல் இப்படி நடக்காது. கருணை கூர்ந்து மன்னிக்கவும். அவ்வளவுதான். ஃபோர்மேன்கிட்ட நான் பேசிட்டேன். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. ஒரு மாசம் சஸ்பெண்ட். அப்புறம் லோடிங்ல போடுவாங்க."

"லோடிங்கா?" என்றாள் மனைவி. இடுக்கியால் பம்பைக் குண்டானிலிருந்து தூக்கிச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கையால மூட்டை தூக்குவானா? விரலே மடங்க மாட்டேங்குது."

"ஆறிடும்."

"டாக்டர் ஆறிடும்னு சொல்லல. பாக்கலாம்னு சொன்னார்."

"விடுக்கா," என்றான் தம்பி. "வேலை இருந்தாப் போதும். வீட்டுல அவளுக்கு ஏழாவது மாசம். இப்பப் போய் வேற இடத்துல யார்கிட்ட நிக்கறது?"

நான் எழுத ஆரம்பித்தேன். மழை கொஞ்சம் வலுத்தது. அவள் பம்பை வைஸில் பிடித்து, மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தினாள். ஃபிட்டர் என்று வெளியில் எல்லோரும் சொல்வது அவரைத்தான். வேலை பிடிப்பது, கழற்றி எடுத்து வருவது, கொண்டு போய் மாட்டுவது அவர். பிரித்துச் சேர்ப்பது முழுக்க இவள்தான். இந்த வீட்டைத் தவிர அது யாருக்கும் தெரியாது. கேஸ்கெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டியே கனம் சொல்லிவிடுவாளாம். கனம் கூடினால் மூடிக்கும் கியருக்கும் நடுவில் இடைவெளி விழுந்து எண்ணெய் பின்னால் வழியும், அழுத்தம் வராது. குறைந்தால் கியர் மூடியில் உரசிப் பிடித்துக்கொள்ளும்.

மூடி கழன்றது. உள்ளே இரண்டு கியர், பல்லோடு பல் கோத்து, எட்டு வடிவ அறையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தன. ரெண்டு வருஷம் இந்தப் பம்பின் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக நின்றிருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நடுவுல அரைச்சுத் தள்ளுதா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க," என்றாள். "கரும்பு மெஷின் மாதிரி நடுவுல போகும்னு. நடுவுல பல்லு கோத்துக்கிட்டிருக்கே, எப்படிப் போகும்? நடுவு மூடின கதவு. இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் இடையில பள்ளம் இருக்கு பாருங்க, அதுல மொண்டு, சுவர் ஓரமாவே சுத்தி எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் கொட்டும். பல்லு வந்து கோக்கும்போது பள்ளத்துல இருக்கிறது வெளிய வந்துதானே ஆகணும். திரும்பி வர வழி கிடையாது."

"அதான் இதோட கொழுப்பு," என்றார் ஃபிட்டர் கேஸ்கெட்டைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி பம்பு வழிய அடைச்சா உள்ளுக்குள்ளயே சும்மா சுத்திக்கிட்டிருக்கும். இது விடாது. மொண்டதைக் கொட்டியே ஆகணும். வழி இல்லன்னா குழாய உடைக்கும், இல்ல தன்னையே உடைச்சுக்கும்."

"அதுக்குத்தானே ரிலீஃப் இருக்கு," என்றாள் அவள்.

மூடியின் மேல் தனியாக நாலு போல்ட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன உருளையை விரலால் தட்டினாள். உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. அதன் ஒரு முனையில் தொப்பி மாதிரி ஒரு மூடி. அழுத்தம் ஏறினால் அது திறந்து, தள்ளுகிற பக்கத்து மெழுகை உறிஞ்சுகிற பக்கத்துக்கே திருப்பி விட்டுவிடும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் அத்தனை பேரும் பம்பை நிறுத்தாமல் வால்வை மூடிக்கொண்டிருந்தோம். ரிலீஃப் என்ற பெயர் எங்களுக்குத் தெரியாது. மூடினால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் தெரியும்.

அவள் உருளையைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, வால்வை விரலால் அழுத்திப் பார்த்தாள். நன்றாக இருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்து மறுபடி பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படிங்க தம்பி," என்றாள்.

படித்தேன்.

"எந்தப் பம்பும் தாங்காதுன்னு யார் சொன்னது?"

"மெமோவுல இருக்கு."

"மெமோவுல இருக்கறது தெரியுது. ஃபோர்மேனுக்கு பம்பப் பத்தி என்ன தெரியும்? இது அவர் பேச்சில்ல." ஃபிட்டர் பக்கம் திரும்பினாள். "இது உங்க பேச்சு."

கத்திரி நின்றது. பிறகு மறுபடியும் வெட்டியது.

"கேட்டாங்க, சொன்னேன். ஹோஸ் வெடிச்சுக் கிடக்கு, இவன் கத்திக்கிட்டிருக்கான், என்னைக் கூப்பிட்டுப் பம்புல என்னய்யா கோளாறுன்னு பத்துப் பேர் நிக்கறாங்க. வால்வ மூடினா எந்தப் பம்பும் தாங்காது சார்னு வாயில வந்துடுச்சு."

"ரிலீஃப் இருந்தாத் தாங்கும்."

"தெரியும்."

"ரிலீஃப் நல்லாத்தான் இருக்கு. அப்ப ஏன் திறக்கல?"

அவர் கேஸ்கெட்டைத் திருப்பிப் பிடித்து வெட்டினார். அவள் தம்பியிடம் கேட்டாள். "டேய், வியாழக்கிழமை மாட்டினப்போ பம்பு டேங்குக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தூணுக்கு இந்தப் பக்கம். பம்பு சர்வீஸுக்கு வந்த வாரத்துலதான் குழாய் லைன மாத்தினாங்க. தூணுக்கு அந்தாண்ட இருந்ததை இந்தாண்ட கொண்டு வந்துட்டாங்க."

"அப்ப இழுக்கற பக்கமும் தள்ளுற பக்கமும் மாறிப்போச்சு. மோட்டார் சுத்தும் மாறிப்போச்சு."

"அதெல்லாம் எனக்கென்னக்கா தெரியும்? மாமா ஒயர மாத்திக் கொடுத்தார், ஓடுச்சு."

கியர் பம்புக்கு இடம் வலம் கிடையாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் தள்ளும். அதன் தலையில் இருக்கிற ரிலீஃபுக்கு மட்டும் பக்கம் உண்டு. தொப்பி எப்போதும் உறிஞ்சுகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாறி உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் வந்தாலும் திறக்காது. வெறும் இரும்புக் கட்டி. இது அவள் அப்போது சொன்னது. எனக்குச் சொன்னாளா, தம்பிக்குச் சொன்னாளா, இல்லை சும்மா வாய்விட்டுச் சொன்னாளா, தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். பிரிக்கும் முன்னால் ஒவ்வொரு பாகத்திலும் பஞ்ச் வைத்துப் புள்ளி அடிப்பாள். மூடிக்கும் உடலுக்கும் ஒரு புள்ளி, ரிலீஃபுக்கும் மூடிக்கும் ரெண்டு புள்ளி. சேர்க்கும்போது புள்ளிக்குப் புள்ளி நேராக வைப்பாள். எப்படி வந்ததோ அப்படியே போகும். இத்தனை வருஷத்தில் ஒரு பம்பு கூட மாறிப் போனதில்லை. இந்தப் பம்பையும் அப்படியே சேர்த்திருந்தாள், பழைய இடத்துக்கு ஏற்ற மாதிரி.

"ஹோஸ் வெடிச்சப்புறம் கழட்டும்போது பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"தொப்பி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்துச்சு?"

"தள்ளுற பக்கம்." கத்திரியைக் கீழே வைத்தார். "உன்கிட்ட நான் சொன்னேன். லைன் மாத்தறாங்களாம், ரிலீஃபைத் திருப்பிப் போடுன்னு சொன்னேன்."

"எப்ப?"

"சாப்பிடும்போது."

"சாப்பிடும்போது நீங்க என்ன சொல்லல? மழை பெய்யுதுன்னு சொல்வீங்க, அந்த லாரிக்காரன் திருட்டுப்பயன்னு சொல்வீங்க. பம்பு வேலைய பெஞ்ச்சுல சொல்லணும்."

"சொன்னேனா இல்லையா?"

அவள் கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். "சொல்லியிருக்கலாம்," என்றாள். "எனக்கு ஞாபகம் இல்ல. நான் புள்ளியப் பாத்துச் சேத்தேன். சரி. அங்க மாட்டும்போது உங்களுக்குக் கண்ணு இருந்துச்சில்ல? தொப்பி கண்ணு முன்னால இருக்குமே."

"சீக்கிரம் சீக்கிரம்னு தலைமேல நின்னாங்க. சுத்து சரியா, மெழுகு வருதா, அவ்வளவுதான் பாத்தேன்."

தம்பி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

"நாலு நாளாத் தெரியுமா மாமா?"

"மாப்ள..."

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "உரிச்சு வேற கொடுத்தீங்க."

ஃபிட்டர் எழுந்து வாசலுக்குப் போனார். மழையைப் பார்த்தபடி பேசினார். "அந்த ஃபேக்டரி ஒண்ணுல மட்டும் பதினாறு பம்பு. இந்த வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது. என் தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் பிடிச்சுக்குவாங்க. அங்க போச்சுன்னா பெயின்ட்காரனும் போவான், அவனும் இவனும் ஒரே இடத்துல டீ குடிக்கறவங்க. மாப்ளைக்கு வேலை போகாம ஃபோர்மேன் கால்ல விழாத குறையாப் பேசிட்டு வந்திருக்கேன். ரெண்டும் நிக்கட்டும்னுதான்."

"ரெண்டும் நிக்கல. உங்களுது நிக்குது," என்றாள் மனைவி.

"விடுக்கா," என்றான் தம்பி மறுபடியும். "மாமா சொல்றதும் சரிதான். உங்க வீடும் படுத்து என் வீடும் படுத்து என்ன ஆகப்போவுது? நான் மூடினேன், அது நெசம்தானே. எழுதுடா. நான் கையெழுத்துப் போடறேன். வலது கை நல்லாத்தான் இருக்கு."

எழுதி முடித்திருந்த காகிதத்தை நீட்டினேன். அவன் வாங்கும் முன்னால் அவள் வாங்கினாள். நாலாக மடித்து ஸ்டவ் தீயில் செருகினாள். ஓரம் கருகிப் பற்றிக்கொண்டது.

"புதுசா எழுதுங்க தம்பி. நான் சொல்றேன். பம்பின் ரிலீஃப் வால்வைத் தவறான பக்கமாகப் பொருத்தியது நான். பணியாளர் மேல் தவறு இல்லை."

"உன் பேரையா?" என்றார் ஃபிட்டர், திரும்பாமல். "நீ யாருன்னு அங்க எவனுக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுக்கட்டும்."

"வீட்டுல பொம்பளை பிரிச்சுச் சேக்கற பம்பையா எங்களுக்கு மாட்டினன்னு அதையும் சேத்துப் பிடிச்சுக்குவாங்க."

"பிடிச்சுக்கட்டும். நீங்க சேத்ததாச் சொன்னா மாப்ளையக் காப்பாத்தப் பொய் சொல்றன்னு சொல்வாங்க. அப்ப செஞ்சு காட்டணும். நீங்க கேஸ்கெட் வெட்டின அழகப் பாருங்க, ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கு. நீங்க செஞ்சு காட்டுவீங்களா?"

கயிற்றிலிருந்து சட்டை ஒன்று அலமாரிப் பம்புகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் வந்து அதை நகர்த்திப் போட்டார்.

"ரெண்டு பேர் பேரும் எழுதுங்க," என்றார் என்னிடம். "அவ சேத்தா, நான் பாக்காம மாட்டினேன். அப்படியே எழுதுங்க. அழகுபடுத்த வேண்டாம்."

மூன்று மணிக்கு ஃபேக்டரியில் இருந்தோம். ஃபிட்டர் பம்பைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். அவள் கையில் டூல்ஸ் பை. கேட்டில் அவளை நிறுத்தினார்கள். ஃபோர்மேன் வந்து கடிதத்தைப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. நைட் ஷிஃப்ட்டில் நான் தூங்கிப் பிடிபட்டபோது ரெண்டு தடவை கண்டுகொள்ளாமல் போயிருக்கிறார்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "மச்சினனுக்காக என்ன வேணா எழுதலாம். வால்வு திரும்பியிருந்துச்சுன்னு நான் எதை வச்சு நம்பறது?"

"பத்து நிமிஷம் கொடுங்க சார். மாட்டிக் காட்டறேன்," என்றாள்.

"நீங்களா?"

"நான்தான்."

பம்பு ரூம் நான் விட்டுப் போனபடியே இருந்தது. அதே சூடு, அதே வழுக்கல் தரை. வெடித்த ஹோஸுக்குப் பதில் இரும்புக் குழாய் போட்டு, பிரஷர் மீட்டர் ஒன்றும் வைத்திருந்தார்கள். ஃபிட்டர் பம்பை மேடையில் வைத்துக் குழாய்களைப் பிடித்தார். அவள் மண்டியிட்டு ரிலீஃபை முதலில் புள்ளிக்குப் புள்ளி வைத்தாள், வியாழக்கிழமை இருந்த மாதிரியே. இறுக்கும் முன்னால் பம்பின் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். லேசாக இழுத்துப் பிடித்து விட்டது. தலையாட்டினாள். வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கதவருகில் வந்து நின்றார்கள். "இந்தக்காவுக்கு ஷிஃப்ட் போட்டாச்சாடா?" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

மோட்டார் ஓடியது. மெழுகு வந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா மூடுங்க," என்றாள் புருஷனிடம். அவர் குழாய் வால்வைக் கால் சுற்றுக் கால் சுற்றாக மூடினார். அவள் மீட்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "நாலு. அஞ்சு. அஞ்சுல திறந்திருக்கணும் சார், பாத்துக்கங்க. ஆறு. எட்டு." பம்பின் சத்தம் மாறியது. ஊளைக்கும் முனகலுக்கும் நடுவில் ஒன்று. "பத்து." ஃபோர்மேன் ஒரு அடி பின்னால் போனார். "திறங்க," என்றாள். முள் விழுந்தது.

நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றி, உருளையைத் திருப்பி வைத்து, தொப்பி டேங்குப் பக்கம் பார்க்க இறுக்கினாள். மறுபடி ஓட்டினார்கள். அவர் மூடினார். நாலு. அஞ்சு. அஞ்சிலேயே முள் நின்று லேசாகத் துடித்தது. அவர் முழுக்க மூடிவிட்டார். அஞ்சரைக்கு மேல் ஏறவில்லை. பம்பு தனக்குள்ளேயே மெழுகைச் சுற்றிவிட்டுக்கொண்டு மெல்ல முனகியது. அரை நிமிஷம் அப்படியே விட்டாள். ஒரு டிரம்மை உருட்டி இன்னொன்றை வைக்கிற நேரம்.

தம்பி மீட்டரைப் பார்க்கவில்லை. பழைய ஹோஸ் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபோர்மேன் மெமோவை வாங்கி, டிரம்மின் மேல் வைத்து, விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கை ஆறினதும் இங்கயே வா. லோடிங் வேண்டாம்," என்றார் அவனிடம். பிறகு ஃபிட்டரிடம் கையை நீட்டினார்.

"பாஸ்."

ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை நனைந்து உள்ளே போட்டோ ஒட்டிப்போயிருந்தது.

"மீதி பதினஞ்சையும் வேற ஆள வச்சுப் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க. மேல பதில் சொல்லணும்."

"தப்பில்ல சார்," என்றார் ஃபிட்டர். அவரும் தம்பியும் முன்னால் நடந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தூறலில் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் இருந்தது.

அவள் ஸ்பேனர்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு கடைசியாக எழுந்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மெழுகு ஆறி வெள்ளையாகப் படிந்து, விரலை மடக்கும்போது செதில் செதிலாக வெடித்தது.

"கை கழுவக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா சார்?"

"குழாய் வெளிய இருக்கும்மா. கேட் பக்கத்துல."

வெளியே வருவது பச்சைத் தண்ணீர்தான். அதில் மெழுகு போகாது என்று அவருக்கும் தெரியும். அவள் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். ஃபோர்மேன் பம்பு ரூம் கதவை அவள் பின்னால் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.